மணநாளுக்கு முன் எழும் ஐயம்: சிற்றூர்க் காதல் நகைச்சுவையில் அதை எங்கே வைப்பது?

கேள்வி: வரைவுக்காரி

வணக்கம். ஒரு சிற்றூரை நிலைக்களனாகக் கொண்ட காதல் நகைச்சுவை நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். முதல் வரைவு முடிந்துவிட்டது. தொடக்கம் ஓரளவு நிற்கிறது. இடைப்பகுதி தொய்ந்து கிடக்கிறது. முடிவைப் பற்றி எனக்கே உறுதி இல்லை.

கதை இதுதான். நாயகி ஊர் நூலகத்தில் பணிபுரிகிறாள். மணமகன் அதே ஊரில் பள்ளி ஆசிரியன்; எல்லோருக்கும் நல்லவன், அவளை மெய்யாகவே விரும்புகிறவன். திருமணத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் கதை தொடங்குகிறது. விருந்தில் யார் எங்கே அமர்வது என்று பட்டியல் எழுதும் நாயகி, ஊரார் அனைவருக்கும் இடம் ஒதுக்கிவிட்டுத் தனக்கு மட்டும் இடம் எழுதாமல் விட்டிருப்பதை மணமகனின் அக்கா கண்டுபிடித்துவிடுகிறாள். மறதி என்று நாயகி சொல்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் அது மறதிதானா என்ற ஐயம் அவளுக்கே வந்துவிடுகிறது. அன்று மாலைக்குள் அந்தப் பட்டியலைப் பற்றி ஊரில் கேள்விப்படாதவன் மணமகன் ஒருவன்தான்.

வரைவைப் படித்த நண்பர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டார்கள். இவ்வளவு நல்லவனைத் தவிக்கவிடும் இவள் கல்நெஞ்சக்காரி என்பது ஒரு கட்சி. இவ்வளவு சலிப்பூட்டுகிறவனை விட்டு இவள் இன்னும் ஏன் ஓடவில்லை என்பது மற்றொரு கட்சி. இரண்டும் நான் நினைத்துக்கூடப் பார்க்காத முடிவுகள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐயத்தை உண்மையாக எழுதும் பக்கங்களில் சிரிப்பு செத்துவிடுகிறது. சிரிப்பு வரும் பக்கங்களில் ஐயம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

நாயகியின் பழைய காதலன் ஒருவனை ஊருக்குத் திரும்பி வரச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவன் வராவிட்டால் இடைப்பகுதியை எது நகர்த்தும் என்பதற்கும் என்னிடம் விடை இல்லை. இந்த வகைக் கதைகளைக் கூர்ந்து படித்தவர்களும் பார்த்தவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பழையபிரதி

உங்கள் நண்பர்களின் இரண்டு கட்சிகளும் ஒரே குறையைத்தான் இரு பக்கங்களிலிருந்து சுட்டுகின்றன என்று எனக்குப் படுகிறது. நாயகியின் ஐயம் எதைப் பற்றியது என்பதை உங்கள் வரைவு இன்னும் முடிவு செய்யவில்லை. அது தெரியாதபோது வாசகர் சும்மா இருக்கமாட்டார். கண்ணில் படுகிற இருவரில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

இந்த வகையில் எளிய வழி மணமகனைத் தகுதியற்றவனாக்குவது. ஃபிராங்க் காப்ரா 1934-இல் இயக்கிய ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தில், மணமகன் தன் திருமணத்துக்கு ஆட்டோஜைரோ என்னும் சுழலி விமானத்தில் வந்து இறங்குகிறான். அவனுடைய வீண்பெருமை முழுவதும் அந்த ஒரு வருகையிலேயே வெளிப்பட்டுவிடுவதால், மகளை மணமேடைக்கு அழைத்துச் செல்லும் தந்தையே அவள் காதோரம் தப்பித்துப் போகும் வழியைச் சொல்வதும், அவள் மணக்கோலத்திலேயே ஓடிவிடுவதும் நமக்கு நிம்மதியைத்தான் தருகின்றன. கைவிடப்பட்டவனுக்காக ஒருவரும் வருந்துவதில்லை. அந்தப் படத்துக்கு இந்த வழி பொருந்தியது. ஆனால் உங்கள் மணமகன் நல்லவன். அவனை இடைப்பகுதியில் திடீரென்று கருமியாகவோ பொய்யனாகவோ மாற்றினால் வாசகர் உங்களை மன்னிக்கமாட்டார்.

ஐயத்தை நாயகியின் உள்ளே திருப்புவது இன்னொரு வழி. ஜார்ஜ் கியூகர் 1940-இல் இயக்கிய ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யில் மறுமணத்துக்கு முந்தைய நாள் நாயகியை அலைக்கழிப்பது மணமகனின் குறையைவிட, பிறருடைய பலவீனத்தைப் பொறுக்கத் தெரியாதவள் என்று முன்னாள் கணவனும் தந்தையும் அவளைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புதான். ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், 1934 முதல் 1949 வரை வந்த ஏழு ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொண்டு 1981-இல் ஒரு நூல் எழுதினார். இந்த இரண்டு படங்களும் அந்த ஏழில் அடங்கும். அவர் அவற்றை மறுமண நகைச்சுவைகள் என்று வகைப்படுத்தினார். இருவரைச் சேர்த்து வைப்பதைவிட, பிரிந்தவர்களை மீண்டும் சேர்த்து வைப்பதே அவற்றின் வேலை என்பது அவருடைய வாதம். தன்னை அறிந்துகொள்ளும் ஒரு கல்வியை நாயகி அவற்றில் பெறுகிறாள் என்றும் அவர் காட்டுகிறார். உங்கள் நாவலில் மறுமணம் இல்லை. அந்தக் கல்வி இருக்கலாம்.

உங்கள் கதைக்கு மிக நெருங்கிய உறவு 1999-இல் கேரி மார்ஷல் இயக்கிய ‘ரன்அவே பிரைட்’. அதுவும் சிற்றூர்தான், மூன்று மணமகன்களை மணமேடையில் விட்டு ஓடியவள் அதன் நாயகி. முட்டையை எப்படிச் சமைத்தால் அவளுக்குப் பிடிக்கும் என்ற கேள்விக்கு, அந்தந்தக் காலத்து மணமகனுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி என்பதுதான் அவளுடைய விடையாக இருந்து வந்திருக்கிறது. பிற்பாடு அவள் எல்லா வகை முட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்க்கிறாள். படத்தின் மற்ற பகுதிகள் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காக அதை மறக்கவும் முடியவில்லை. தன் விருப்பம் எது என்றே தனக்குத் தெரியாது என்ற துயரமான செய்தி, எவரும் சிரிக்கக்கூடிய ஒரு செயலாக அங்கே மாறிவிட்டது. ஐயமும் சிரிப்பும் வெவ்வேறு பக்கங்களில் வாழ வேண்டிய தேவை அதனால் இல்லாமல் போயிற்று.

அந்த முட்டைக்கு ஈடான பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் இருக்கைப் பட்டியல். முதல் அத்தியாயத்தில் அதைக் காட்டிவிட்டு விட்டுவிட்டதாகத் தெரிகிறது. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இடம் தெரிந்த ஒருத்திக்குத் தன் இடம் தெரியவில்லை என்பதை ஏன் ஒன்பது நாட்களுக்கும் இழுக்கக் கூடாது? ஒவ்வொரு நாளும் அவள் தன்னை ஒரு மேசையில் அமர்த்தி எழுதிப் பார்க்கட்டும். அதைப் பார்த்துவிடுகிற ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பொருள் கற்பிக்கட்டும்.

மறுமொழி: மேடைப்பின்புறம்

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஐயத்தை உள்ளே திருப்பினால் மட்டும் இடைப்பகுதி நகராது என்பதே நாடகக்காரனாகிய என் கவலை. தயங்குகிற மனிதர் தனியாக நின்றால் அது தன்னுரை. அவரை எவராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் நகைச்சுவை. ஆகவே தயங்குகிறவரைவிடத் தள்ளுகிறவரைப் பற்றி அதிகம் யோசியுங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் கோகோல் எழுதி 1842-இல் வெளிவந்த ‘திருமணம்’ நாடகம் இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த பாடம். பத்கலியோசின் என்ற அரசு ஊழியர் திருமணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்தபடியே படுத்துக் கிடக்கிறார். அவருடைய நண்பர் கச்கரியோவ் உள்ளே வந்து, அங்கே நிற்கும் தரகுப் பெண்மணியைப் பார்த்ததும், தன்னை எதற்காகத் திருமணத்தில் மாட்டிவிட்டாய் என்று அவளைத் திட்டுகிறார். திட்டிய வாய் மூடுவதற்குள், அவளை ஒதுக்கிவிட்டு நண்பருக்குத் திருமணத்தை முடித்துவைக்கும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். தன் திருமணத்தை எண்ணி வருந்துகிற ஒருவர் அடுத்தவரை ஏன் அதற்குள் தள்ள வேண்டும் என்பதற்கு நாடகம் காரணமே சொல்வதில்லை. காரணம் சொல்லப்படாததால்தான் அந்தப் பாத்திரம் இன்றும் மேடையில் உயிரோடு இருக்கிறது.

அதே நாடகத்தில் மணமகளுக்கும் ஓர் ஐயம் உண்டு. பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவருடைய உதட்டை இன்னொருவருடைய மூக்குக்குக் கீழே வைத்து, மூன்றாமவருடைய மிடுக்கையும் நான்காமவருடைய உடல் பருமனையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள முடிந்தால் உடனே முடிவு செய்துவிடலாமே என்று அவள் ஏங்குகிறாள். இதைக் கேட்டு அரங்கம் சிரிக்கும். ஆனால் அவளுடைய அச்சம் பொய்யானது என்று ஒருவருக்கும் தோன்றாது. ஐயம் நகைப்புக்குரியதாக இருப்பதற்கு அது அற்பமாக இருக்க வேண்டியதில்லை. அதைத் தீர்ப்பதற்கு அந்த மனிதர் தேர்ந்தெடுக்கும் வழி பொருந்தாமல் இருந்தால் போதும். உங்கள் நாயகி நூலகர். தன் மனத்தை வகைப்படுத்தி அட்டவணையிட்டுவிடலாம் என்று அவள் நம்பினால் உங்களுக்குப் பத்துக் காட்சிகள் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கோகோலின் மணமகன் கடைசியில் சன்னல் வழியாகக் குதித்து, வாடகை வண்டி பிடித்துப் போய்விடுகிறார். மணக்கோலத்தில் இருக்கும் பெண் மறுபக்கத்தில் நிற்கிறாள். அது ஈவிரக்கமற்ற கேலி நாடகம், நகரத்தில் நடப்பது, அங்கே குதித்தவரை நாளை எவரும் பார்க்கப் போவதில்லை. சிற்றூரில் சன்னல் வழியாகக் குதித்தவர் மறுநாள் காலை அதே தெருவில் அதே மனிதர்களிடையே நடந்தாக வேண்டும். இந்த ஒரு வேறுபாடுதான் உங்கள் கதையைக் காதல் நகைச்சுவையாக வைத்திருக்கப் போகிறது. அதனால் எவரையும் வெளியூருக்கு அனுப்பித் தப்பிக்கவிடாதீர்கள்.

தள்ளுகிறவர் யார் என்று கேட்டால், மணமகனின் அக்காவைத்தான் சொல்வேன். பட்டியலைக் கண்டுபிடித்தவளும் அவளே; செய்தியைத் தம்பிக்குத் தெரியாமல் மூடிவைக்க ஊர் முழுவதும் ஓடப் போகிறவளும் அவளே. அவளுடைய திருமணம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா?

மறுமொழி: அலர்வாசகர்

எல்லோரும் நாயகியைப் பற்றியும் மணமகனைப் பற்றியும் பேசுகிறீர்கள். தலைப்பில் இருக்கும் சிற்றூரைப் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை. ஊர் வெறும் பின்னணியாக இருந்தால் இந்தக் கதையை ஒரு பெருநகர அடுக்ககத்திலும் எழுதிவிடலாம்.

நம் அக இலக்கியம் இதில் தேர்ந்த கை. காதல் செய்தி சிலர் வாய்க்குள் முணுமுணுக்கும் அம்பலாகத் தொடங்கிப் பலரறிந்த அலராக விரிவதை அது கதையை நகர்த்தும் விசையாகவே வைத்திருக்கிறது. திருக்குறளின் 115-ஆம் அதிகாரம் முழுவதும் அலரைப் பற்றியது. ஊராரின் பழிச்சொல் எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல் நீராகவும் அமைய இந்த நோய் வளர்கிறது என்கிறது அதில் உள்ள 1147-ஆம் குறள். அடக்க நினைத்தவர்களே வளர்த்துவிடுகிறார்கள் என்ற இந்த அமைப்பை அப்படியே எடுத்து, காதல் இருக்கும் இடத்தில் ஐயத்தை வையுங்கள். உங்கள் இடைப்பகுதி தானாக நகரும். முதல் நாள் நாயகிக்கு இருந்தது ஐயம் என்று சொல்லத்தக்கதே இல்லை. ஒரு வெற்றிடம், அவ்வளவுதான். ஊர் அவளுக்கு ஆறுதல் சொல்லச் சொல்லத்தான் அது உருவம் பெறுகிறது. “பயப்படாதே அம்மா, எல்லாம் சரியாகிவிடும்” என்று கேட்காமலே வந்து சொல்கிற ஏழாவது மனிதருக்கு முன்னால் எவருக்குத்தான் பயம் வராது?

ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகமும் இதே விசையில்தான் ஓடுகிறது. 1600-இல் அச்சான அந்த நாடகத்தில், ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருக்கும் இருவரைக் காதலர்களாக்குவது, அவர்கள் காதில் விழும்படி மற்றவர்கள் திட்டமிட்டுப் பேசும் பேச்சு. இன்னொரு இணையின் திருமணத்தை மணமேடையிலேயே உடைப்பது ஒருவன் கட்டிவிட்ட அவதூறு. இரண்டும் செவிவழிச் செய்திகளே. ஒன்று சேர்க்கிறது, ஒன்று பிரிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அவதூறு பொய் என்பதற்கான சான்று திருமணத்துக்கு முன்பே ஊர்க்காவலர்கள் கையில் சிக்கிவிடுகிறது. அவர்களுடைய தலைவர் டாக்பெரி அதைச் சொல்ல மணமகளின் தந்தை வீட்டுக்கே வருகிறார். ஆனால் வந்தவர் வளவளவென்று சுற்றி வளைத்துப் பேசுகிறார். திருமண அவசரத்தில் இருக்கும் தந்தை பொறுமையிழந்து, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். உண்மை வாசல்வரை வந்து, வாயாடித்தனத்தால் உள்ளே நுழைய முடியாமல் நிற்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பேசுகிற ஊரில் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் சேர வேண்டியவருக்குச் சேராது. மணமகன் மட்டும் பட்டியலைப் பற்றி அறியாதவன் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த வகையில் மிக நல்ல அமைப்பு. அதை விரைவில் உடைத்துவிடாதீர்கள்.

சிரிப்பு செத்துவிடுகிறது என்று வருந்துகிறீர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. உங்கள் வரைவில் எள்ளல் மட்டுமே இருக்கிறதோ என்று ஐயுறுகிறேன். நாயகியின் ஐயத்தைப் பார்த்து ஊரோ ஆசிரியரோ எள்ளி நகைத்தால் ஐயம் சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரியும். மாறாக, கேட்டதைக் கேள்வியின்றிப் பற்றிக்கொண்டு விடாத மடமையை ஊருக்குக் கொடுத்துப் பாருங்கள். நாயகி மருந்துக்கடைக்குப் போனாள் என்று ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு நோய் என்று முடிவு கட்டி, அவளுக்கு முன்னால் திருமணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று ஊரே சபதம் எடுத்து, அதை ஒருவராலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். சிரிப்பு ஊர்மேல் விழும். ஐயம் காயமில்லாமல் தப்பும்.

பழைய காதலன் வேண்டவே வேண்டாம். அவன் வந்த நிமிடத்தில் ஊருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

கேள்வியாளர்: வரைவுக்காரி

மூவருக்கும் நன்றி. பட்டியலை ஒன்பது நாட்களுக்கும் நீட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். அக்காவின் திருமணம் எப்படிப்பட்டது என்ற கேள்வியை இரண்டு நாட்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் மகிழ்ச்சியாக இருப்பவள் ஒரு வெற்று இருக்கையை அவ்வளவு விரைவில் கவனித்திருப்பாளா?

உங்கள் மறுமொழிகளுக்குப் பிறகு தையற்கடைக் காட்சியை மாற்றி எழுதிப் பார்த்தேன். மணவுடை பொருந்தவில்லை என்று நாயகி மறுபடியும் மறுபடியும் திருப்பிக் கொண்டுவருகிறாள். வயதான தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொல்கிறார்: “உடை சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. நீங்கள்தான் உள்ளே வந்ததிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.” இதில் எள்ளல் குறைந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மணமகன் சலிப்பூட்டுகிறான் என்ற குற்றச்சாட்டுக்கு நான் என்ன செய்வது? ஊர் முழுவதும் அவனிடமிருந்து செய்தியை மறைக்கிறது என்றால் அவன் ஒன்பது நாட்களும் செய்வதற்கு ஏதுமின்றிப் புன்னகைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மறுமொழி: எண்ணும்எழுத்தும்

நான் கதை எழுதுகிறவன் அல்லன். குடும்ப உளவியல் ஆய்வுகளைப் படிப்பது என் தொழிலோடு ஒட்டியது. உங்கள் மணமகனுக்கு உதவக்கூடிய ஒரு தரவு என்னிடம் இருக்கிறது.

ஜஸ்டின் லாவ்னர், பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி ஆகிய மூவரும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் முதல் திருமணம் செய்துகொண்ட 232 இணையர்களை, மணமான சில மாதங்களுக்குள் சந்தித்து, திருமணம் செய்துகொள்வதில் உங்களுக்கு எப்போதேனும் ஐயமோ தயக்கமோ இருந்ததா என்று தனித்தனியே கேட்டார்கள். பிறகு நான்கு ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. இருந்தது என்று சொன்ன மனைவியர் 38 விழுக்காடு. கணவர்களோ 47 விழுக்காடு. அதாவது, தயங்கியதாக ஒப்புக்கொண்ட ஆண்களே அதிகம். நான்கு ஆண்டுகளில், தயங்கிய மனைவியரில் 19 விழுக்காட்டினரும் தயங்காத மனைவியரில் 8 விழுக்காட்டினரும் மணமுறிவு அடைந்திருந்தார்கள். கணவர்களிடையே அந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. தயங்கியவர்களில் 14, தயங்காதவர்களில் 9 விழுக்காடு என்ற அளவில்தான் இருந்தது.

இது ஒரு நகரப் பகுதியில் எடுத்த ஆய்வு என்பதையும், ஐயம்தான் முறிவுக்குக் காரணம் என்று இது நிறுவவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயினும் எல்லோருக்கும் வருகிற வெறும் பதற்றம்தான் என்று ஊரார் சொல்லும் ஆறுதலுக்கு இது இடம் கொடுக்கவில்லை; ஐயம் வந்தால் ஓடிவிட வேண்டும் என்ற திரைப்பட நியாயத்துக்கும் இடம் கொடுக்கவில்லை, ஏனெனில் தயங்கிய மனைவியரில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் இணைந்தே இருந்தார்கள். நாயகியின் ஐயத்தை நீங்கள் அற்பமாக்க வேண்டியதில்லை என்று மேடைப்பின்புறம் எழுதியதற்கு இது துணை நிற்கிறது.

என் யோசனை அந்த 47-லிருந்து வருகிறது. மணமகனுக்கும் ஐயம் இருந்தால் என்ன? நாயகியின் பட்டியல் வெளியான நாளுக்கு முன்பே அது இருந்திருக்கட்டும். இப்போது அதை அவன் எவரிடமும் சொல்ல முடியாது; ஏனென்றால் ஊர் அவனைப் பாவம், ஒன்றும் அறியாத நல்லவன் என்று தீர்மானித்து, காரணம் சொல்லாமலே அவனைக் கைக்குழந்தைபோல் நடத்தத் தொடங்கிவிட்டது.

மறுமொழி: மேடைப்பின்புறம்

மேலே உள்ள கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், வரைவுக்காரி. அந்தப் புன்னகைக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அவன் எதையோ மறைப்பதற்காகச் சிரிக்கிறான். கல்நெஞ்சக்காரி, சலிப்பூட்டுகிறவன் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒருசேர விழுந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. ஊர் அவனிடமிருந்து செய்தியை மறைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவன் ஊரிடமிருந்து மறைத்துக்கொண்டிருப்பான். நாயகியும் அவனும் ஒரே அறையில் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் காட்சியை ஆறாம் நாளில் எழுதலாம். அது சிரிப்புக் காட்சியா துயரக் காட்சியா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிராது, எழுதும்போது தெரிந்துவிடும்.

மறுமொழி: பழையபிரதி

முடிவைப் பற்றி உறுதி இல்லை என்று தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. இருவருக்கும் ஐயம் என்று ஆன பிறகு, ஒன்பதாம் நாள் திருமணம் நடந்தால் பூசி மெழுகியதுபோல் இருக்கும். முறிந்தால் வாசகரை ஏமாற்றியதாகும். தள்ளிப்போடுவது என்ற மூன்றாவது வழிக்கு நல்ல முன்னோடி இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தின் கடைசிக் காட்சியில் நான்கு காதல் இணைகளும் சேரத் தயாராக நிற்கையில் ஒரு சாவுச் செய்தி வருகிறது; பெண்கள் நால்வரும் ஓராண்டு கழித்து வந்து கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆண்களில் ஒருவர், ஓராண்டு என்பது ஒரு நாடகத்துக்கு மிக நீளமானது என்று மேடையிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார். பார்வையாளர் மனத்தில் எழும் முறையீட்டைப் பாத்திரமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால் ஏமாற்றம் சிரிப்பாகக் கரைகிறது. உங்கள் ஊரில் அதைச் சொல்லத் தகுதியானவர் தையற்காரர் என்று நினைக்கிறேன். ஓராண்டு கழித்து அந்த உடையை மறுபடியும் அளவெடுக்க வேண்டியவர் அவர்தானே.

தள்ளிப்போடுவதாக இருந்தால் அதை விருந்தினருக்கு அறிவிக்கும் காட்சியைத் தவிர்க்காதீர்கள். எழுத அஞ்சிப் பலர் அதை இரண்டு வரிகளில் கடந்துவிடுவார்கள். உண்மையில் இந்த வகைக் கதையின் முழுச் சாரமும் அங்கேதான் இருக்கிறது. ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யில் கூடியிருப்பவர்களிடம் நாயகி விளக்கம் சொல்லப் போகிறாள், என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, முன்னாள் கணவன் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுக்க, அவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போகிறாள், அந்த வாக்கியங்கள் அவர்கள் இருவரின் திருமண அறிவிப்பாகவே முடிந்துவிடுகின்றன. உங்கள் கதையில் எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதைக் கண்டுபிடியுங்கள். அந்த மனிதர் மணமகனாக இருந்தால் ஒரு நாவல். ஊரே ஆளுக்கொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தால் முற்றிலும் வேறொரு நாவல்.

கேள்வியாளர்: வரைவுக்காரி

ஊரே எடுத்துக் கொடுக்கட்டும். அக்காவின் வாக்கியத்தைக் கடைசியில் வைக்கிறேன்; தன் திருமணத்தைப் பற்றி அவள் முதன்முறையாக வாய் திறக்கும் இடம் அதுவாகவே இருக்கும். திருத்திய இடைப்பகுதி தயாரானதும் ஐந்தாம், ஆறாம் நாள் அத்தியாயங்களை இங்கே பகிர்கிறேன். எள்ளல் எங்கே மிகுந்திருக்கிறது என்று அலர்வாசகர் கோடிட்டுக் காட்டினால் உதவியாக இருக்கும்.